காய்ச்சலோடு எடுத்த ரத்தம்: ஒரு நுண்ணூட்டப் பரிசோதனைத் தொகுப்பைப் பற்றி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் வீட்டில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் படுத்தோம். முதலில் என் கணவர். இரண்டு நாள் கழித்து நான். பக்கத்துக் கிளினிக்கில் மருத்துவர் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பார்த்து, இன்ஃப்ளுயன்சா ஏ என்று சொன்னார். கணவருக்கு வயது 68, சர்க்கரையும் உண்டு. ஆகவே அவருக்கு, ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் 75 மி.கி. மாத்திரை காலையும் மாலையுமாக ஐந்து நாள். எனக்குப் பாராசிட்டமாலும் கஞ்சியும் படுக்கையும் போதும் என்றார். இருவருக்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி.யும் மட்டும் பார்க்கச் சொன்னார். சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு லிட்டருக்கு 5 மி.கி.க்குள் இருக்கும். எனக்கு 46, கணவருக்கு 71.

செய்தி பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போனது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசல் மணி அடித்தது. நாங்கள் இருவரும் பலவீனப்பட்டுவிட்டோம் என்று அஞ்சிய அவள், தனியார் ஆய்வகம் ஒன்றின் கைப்பேசிச் செயலி வழியாக, ‘வைரஸ் காய்ச்சலுக்கான நுண்ணூட்ட, நோய் எதிர்ப்புத் தொகுப்பு’ என்ற பரிசோதனையை இருவருக்குமாக 7,400 ரூபாய் கட்டிப் பதிந்திருந்தாள். இந்த மதிப்புரை அந்தத் தொகுப்பைப் பற்றியது. ஆய்வகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏறத்தாழ இதே பட்டியலைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன என்பதால், ஒரு பெயரைச் சொல்வதைவிடப் பட்டியலைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். என்னைப் பற்றி ஒரு வரி: ஒரு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே என் பார்வை குழாயிலிருந்தும் ஐஸ் பெட்டியிலிருந்தும்தான் தொடங்கும்.

தொகுப்பில் இருந்தவை: வைட்டமின் டி, பி12, சி, துத்தநாகம், தாமிரம், செலினியம், இரும்பு, ஃபெரிட்டின், ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வெறிபிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலுக்குச் செய்யும் சேதம்) என்ற தலைப்பின் கீழ் எம்.டி.ஏ., குளுட்டாதயோன், மொத்த ஆன்ட்டி ஆக்சிடன்ட் திறன். சி.ஆர்.பி. இல்லை. இந்த ஒன்று இல்லாததுதான் என் முதன்மையான புகார். மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ரத்தம் எடுக்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முகக்கவசம் கட்டியிருந்தான், கையுறை புதிது, ஊசி எங்கள் கண்முன் பிரித்தது. நரம்பை ஒரே குத்தில் பிடித்தான். கணவருக்கு நரம்பு கிடைப்பது கடினம். பெரிய மருத்துவமனைகளிலேயே மூன்று முறை குத்தியிருக்கிறார்கள். அந்த அளவில் முழு மதிப்பெண். பிறகுதான் பையைக் கவனித்தேன். துத்தநாகத்துக்கும் செலினியத்துக்கும் கருநீல மூடிக் குழாய் என்று ஒன்று உண்டு. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து ரத்தத்தில் கலந்துவிடும் என்பதற்காகவே, நுண்தாதுக்கள் நீக்கிச் செய்த குழாய் அது. பையனிடம் அது இல்லை. எல்லாவற்றையும் சிவப்பு மூடிக் குழாயிலும் ஊதா மூடிக் குழாயிலுமாக எடுத்தான்.

“தம்பி, நீல மூடி கொடுக்கலையா?” என்று கேட்டேன்.

“இந்த பேக்கேஜுக்கு இவ்வளவுதாம்மா குடுத்தாங்க” என்றான். பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வைட்டமின் சி.க்கான குழாய் இன்னும் மோசம். ரத்தத்தில் உள்ள அஸ்கார்பிக் அமிலம் வெளிச்சத்திலும் சூட்டிலும் காற்றிலும் வேகமாகச் சிதைந்துபோகும். எடுத்தவுடன் குழாயை வெளிச்சம் படாமல் சுற்றி, ஐஸில் வைத்து, சீக்கிரமாக ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, அமிலம் சேர்த்து நிலைப்படுத்தி, உறைய வைக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனை வருகிற நாளில், மாதிரியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடுகிறவரைப் பார்த்தாலே அது என்ன சோதனை என்று தெரிந்துவிடும். இந்தப் பையனின் பையில் பாதி உருகிய ஜெல் பொதி ஒன்று இருந்தது. அதன்மேல் எங்கள் குழாய்கள் வெறுமனே கிடந்தன. இன்னும் மூன்று வீடு போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மழையில் வண்டியை எடுத்தான்.

அறிக்கை மறுநாள் இரவே வந்தது. வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆளுக்குப் பதினான்கு பக்கம். ஒவ்வொரு அளவுக்கும் வேகமானி போன்ற ஒரு படம். பச்சை, மஞ்சள், சிவப்பு. அதில் ஒரு முள். எனக்கு ஏழு முட்கள் சிவப்பில், கணவருக்கு எட்டு. என் எண்களைத் தருகிறேன். துத்தநாகம் டெசிலிட்டருக்கு 56 மைக்ரோகிராம். வெறும் வயிற்றில் காலையில் எடுத்தால் பெண்களுக்கு 70க்குக் குறையக் கூடாது என்பது பொதுவாக வைத்திருக்கும் கோடு. தாமிரம் 171, இது அவர்கள் வரம்புக்கு மேல். இரண்டையும் வகுத்து, ‘தாமிர–துத்தநாக விகிதம்: ஆபத்து’ என்று தனியாக ஒரு முள் வைத்திருந்தார்கள். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 388 நானோகிராம், மிகை. ரத்த இரும்பு 29 மைக்ரோகிராம், குறைவு. வைட்டமின் டி 19 நானோகிராம், குறைவு. வைட்டமின் சி டெசிலிட்டருக்கு 0.1 மி.கி., ‘கடும் குறைபாடு’.

கடைசி எண்ணை எடுத்துக்கொள்வோம். 0.2க்குக் கீழே என்றால், ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருகிற எல்லை. கொல்லையில் கொய்யா மரம் வைத்திருக்கும் வீடு எங்களுடையது. காய்ச்சலுக்கு முந்தைய நாள்வரை பழம் சாப்பிட்டேன். நெல்லிக்காயில் 100 கிராமுக்குச் சுமார் 250 மி.கி. வைட்டமின் சி உண்டு என்றால், கொய்யாவும் 200 மி.கி.க்கு மேல் வைத்திருக்கிறது. நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு வேண்டியது 65 மி.கி. வைரஸ் காய்ச்சலில் வைட்டமின் சி.யின் அளவு ரத்தத்தில் உண்மையாகவே குறையும். வெள்ளணுக்கள் அதை இழுத்துக்கொள்கின்றன, செலவும் கூடுகிறது. ஆனால் 0.1 என்ற எண்ணில் என் உடம்பின் பங்கு எவ்வளவு, பாதி உருகிய ஜெல் பொதியின் பங்கு எவ்வளவு என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஈறில் ரத்தம் கசிகிறதா என்று அறிக்கையைப் பார்த்த பிறகு கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 31 ஆண்டு அனுபவம் சிவப்பு முள்ளின் முன் அவ்வளவுதான்.

இனி இரும்பு. ஒரே பக்கத்தில் ‘இரும்பு குறைவு’ என்றும் ‘ஃபெரிட்டின் மிகை’ என்றும் அச்சாகியிருந்தது. முதலாவதற்குக் கீழே இரும்பு மாத்திரை சாப்பிடலாம் என்றும், இரண்டாவதற்குக் கீழே இரும்புச் சேமிப்பு மிகுதியாக இருக்கலாம், மருத்துவரை அணுகவும் என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் ஒரு மனிதர் சேர்த்துப் படித்திருந்தால் இது அச்சாகியிருக்காது. காய்ச்சல் வந்ததும் இன்டர்லூகின்-6 என்ற செய்திப்புரதம் கூடுகிறது. அது கல்லீரலை ஹெப்சிடின் என்ற இயக்குநீரைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் குடலிலிருந்தும் செல்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வரும் வாசலை அடைக்கிறது. கிருமிகள் பெருகுவதற்கு இரும்பு வேண்டும் என்பதால், அது அவற்றின் கைக்குக் கிடைக்காமல் உடல் பதுக்குகிறது. அதனால் ரத்தத்தில் இரும்பு குறையும், அதைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் கூடும். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள்.

துத்தநாகத்துக்கும் இதே கதைதான். அதே இன்டர்லூகின்-6 கல்லீரல் செல்களின் மேல் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் கடத்திகளைக் கூட்டுகிறது. உள்ளே போனது மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பில் இருக்கும் மொத்தத் துத்தநாகத்தில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுகிறது. அந்தச் சிறு பங்குதான் சோதனையில் தெரிகிறது. வெள்ளம் வருகிறது என்று கேள்விப்பட்டு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியவரின் அடுக்களை டப்பாவைத் திறந்து பார்த்து, ‘வீட்டில் அரிசி இல்லை’ என்று எழுதினால் எப்படியோ அப்படி. தாமிரம் நேர் எதிராகக் கூடியதற்கும் காரணம் உண்டு: தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கல்லீரல் அழற்சியின்போது அதிகமாகச் செய்கிறது. ஆகவே ‘ஆபத்து’ என்று முள் காட்டிய விகிதம் எனக்கு ஃப்ளூ இருக்கிறது என்பதைத்தான் சொன்னது. அதைக் கிளினிக்கில் பஞ்சுக்குச்சி முன்பே சொல்லியிருந்தது.

இதெல்லாம் ஓய்வுபெற்ற டெக்னீஷியனின் ஊகம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு 2,000க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளில் சி.ஆர்.பி.யையும் நுண்ணூட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2012இல் வெளியிட்டது. துத்தநாக அளவை நம்பிப் பொருள் சொல்ல வேண்டுமானால் சி.ஆர்.பி. 20க்குள் இருக்க வேண்டும், செலினியத்துக்கும் வைட்டமின் ஏ, டி இரண்டுக்கும் 10க்குள், வைட்டமின் சி.க்கும் பி6க்கும் 5க்குள். இதுதான் அவர்கள் கண்டது. என்னுடையது 46, கணவருடையது 71. அந்தக் கணக்கில், எங்களிடமிருந்து எடுத்த துத்தநாகம், செலினியம், டி, சி ஆகிய நான்கில் ஒன்றுக்குக்கூடப் பொருள் சொல்ல முடியாது. காய்ச்சல்காரர்களுக்கென்றே பெயர் வைத்து விற்கும் தொகுப்பில், காய்ச்சலின் நிழல் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று காட்டுகிற, விலை மலிவான ஒரே சோதனையைச் சேர்க்காமல் விட்டது கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்த்திருந்தால் பாதி முட்களைச் சிவப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற மூன்று பக்கப் பகுதி, தொகுப்பின் கவர்ச்சியே அதுதான் என்பதுபோல வண்ணமாக இருந்தது. இதில் அறிவியல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஃப்ளூ வைரஸ் நுரையீரலில் நுழைந்ததும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஆக்சிஜனிலிருந்து சூப்பர் ஆக்சைடு என்ற வெறிபிடித்த மூலக்கூற்றைச் செய்து வீசுகின்றன. நுரையீரலைப் புண்ணாக்குவதில் வைரஸுக்கு மட்டுமன்றி இந்த வீச்சுக்கும் பங்கு உண்டு. 1989இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள், சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதியை ஒரு பாலிமரோடு இணைத்து ஃப்ளூ தொற்றிய எலிகளுக்குக் கொடுத்து, அவற்றில் பலவற்றைச் சாவிலிருந்து காப்பாற்றிக் காட்டினார்கள். அதே வேளையில், இந்தச் சூப்பர் ஆக்சைடைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதாகியிருக்கும் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்றால் அவதிப்படுகிறார்கள் என்பதும் பாடப் புத்தகச் செய்தி. நெருப்பு அடுப்பிலும் எரிகிறது, கூரையிலும் எரிகிறது. எங்கே எரிகிறது என்று சொல்லாத அளவுமானியால் பயன் குறைவு.

அந்த அளவுமானிகளையும் சொல்ல வேண்டும். எம்.டி.ஏ. என்பது கொழுப்பு சிதையும்போது வரும் ஒரு பொருள். அதைப் பெரும்பாலும் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வருகிற இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீட்டரில் அளப்பார்கள். நான் கைப்பட ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் பாதி இந்த இளஞ்சிவப்பு நிறத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எம்.டி.ஏ. மட்டும் அந்த நிறத்தைத் தருவதில்லை; சில சர்க்கரைகளும் பிலிரூபினும்கூடக் குறுக்கே வரும். ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட அது உதவும். ஒரு தனி மனுஷியின் கையில் முள்ளாகக் கொடுப்பதற்கு அது தயாரான சோதனை அன்று. மொத்த ஆன்ட்டி ஆக்சிடன்ட் திறன் இன்னும் வேடிக்கை. பிளாஸ்மாவில் அந்தத் திறனின் பெரும்பங்கு யூரிக் அமிலத்தாலும் ஆல்புமினாலும் வருகிறது. யூரிக் அமிலம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என் கணவருக்கு, பதினான்கு பக்கத்தில் அந்த ஒரு முள் மட்டும் அடர்பச்சையில் நின்றது. யூரிக் அமிலம் மிஞ்சிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டு அது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘உங்களுக்கான தீர்வு’ என்று ஒரு பெட்டி, தொட்டால் வாங்கலாம். வைட்டமின் சி 1,000 மி.கி. நுரைக்கும் மாத்திரை, துத்தநாகம் 50 மி.கி., செலினியம் 200 மைக்ரோகிராம், வைட்டமின் டி 60,000 யூனிட், குளுட்டாதயோன். மூன்று மாதத்துக்கு 4,150 ரூபாய். மகள் அதையும் வாங்கிவிட்டாள். பெட்டி நன்றாகப் பொதிந்து வந்தது, காலாவதித் தேதி தூரத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் அளவில் இடிக்கிறது. துத்தநாகத்துக்குப் பெரியவர்களின் உச்ச வரம்பு நாளுக்கு 40 மி.கி.; 50 மி.கி. வீதம் மூன்று மாதம் என்பது, குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவதைத் தடுத்து இரத்தசோகையிலும் நரம்புப் பாதிப்பிலும் கொண்டுபோய் விடக்கூடிய பாதை. வைட்டமின் சி.யை 200 மி.கி. அளவில் கொடுத்தால் ஏறக்குறைய முழுவதையும் உடல் எடுத்துக்கொள்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் பாதிகூட உள்ளே போவதில்லை, மிச்சம் கழிவறைக்கு. 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தினமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு கால்சியம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்களின் ரத்தத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

சரி, அளவை விடுவோம். சாப்பிட்டால் காய்ச்சல் சீக்கிரம் போகுமா? கொரோனா ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் சிலவற்றைத் தந்துவிட்டுப் போயின. அமெரிக்காவில் 214 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, வீட்டிலிருந்தே குணமாகும் கொரோனா நோயாளிகளுக்குத் துத்தநாகம் 50 மி.கி., வைட்டமின் சி 8,000 மி.கி., இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல் என்று பத்து நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகள் பாதியாகக் குறைய எதுவும் இல்லாதவர்களுக்கு 6.7 நாள், வைட்டமின் சி எடுத்தவர்களுக்கு 5.5, துத்தநாகம் எடுத்தவர்களுக்கு 5.9; இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது என்ற அளவில்தான் இருந்தது. தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி 2021இல் வெளியிட்டார்கள். பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 240 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு 2,00,000 யூனிட் வைட்டமின் டி ஒரே தவணையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் ரத்த அளவு 44 நானோகிராமுக்கு ஏறியது. கொடுக்காதவர்களுக்கு 20இலேயே நின்றது. மருத்துவமனையில் இருந்த நாட்களின் இடைநிலையோ இரு குழுவுக்கும் ஏழு நாள்தான். முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது, நோயாளி அதே நாளில்தான் வீட்டுக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகள் 872 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வில், நரம்பு வழியே பெரும் அளவு வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 விழுக்காட்டினர் இறந்தோ உறுப்புகள் மீளாமலோ இருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் அது 38.5 விழுக்காடு. பயன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலின் பக்கம் சாய்ந்த முடிவு.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. வைட்டமின் சி.யை நாள்தோறும் எடுத்து வந்தவர்களுக்குச் சளி பிடித்தால், அது நீடிக்கும் காலம் பெரியவர்களில் 8 விழுக்காடும் குழந்தைகளில் 14 விழுக்காடும் குறைகிறது என்று 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. சளி பிடித்த பிறகு தொடங்கினால் அப்படி உறுதியான பயன் இல்லை. வைட்டமின் டி.யில், 2017இல் 25 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, ரத்தத்தில் 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்கள் சிறு அளவில் தினமோ வாரமோ எடுத்தபோது மூச்சுத்தொற்று குறைந்தது. ஒரே தடவையில் பெரிதாகக் கொட்டியபோது குறையவில்லை. தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெடுங்காலப் பரிந்துரை. உடல் தானே செய்துகொள்ளும் ஆன்ட்டி ஆக்சிடன்டான குளுட்டாதயோனுக்கு மூலப்பொருளான அசிட்டைல் சிஸ்டீன் பற்றி, 262 பேரை ஆறு மாதம் தொடர்ந்து 1997இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு இருக்கிறது: ஃப்ளூ தொற்று இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் தொற்றியவர்களில் நோயாகப் படுத்தவர்கள் மருந்துக் குழுவில் 25 விழுக்காடு, மற்றதில் 79. ஆய்வகத்தின் பெட்டியில் இருந்ததோ அசிட்டைல் சிஸ்டீன் அன்று, குளுட்டாதயோனே. அதை வாயால் விழுங்கினால் குடலிலேயே பெரும்பகுதி உடைந்துபோகும்.

பெட்டியை நான் திறக்கவில்லை. எட்டு வாரம் பொறுத்து, சி.ஆர்.பி. எனக்கு 2, கணவருக்கு 4 என்று இறங்கிய பிறகு, அதே ஆய்வகத்தில் தொகுப்பை வாங்காமல் வேண்டியதை மட்டும் தனித்தனியாகப் பதிந்தேன். எந்த மாத்திரையும் இல்லாமல் என் துத்தநாகம் 56இலிருந்து 83க்கு வந்திருந்தது. தாமிரம் 171இலிருந்து 114. ஃபெரிட்டின் 388இலிருந்து 96. இரும்பு 29இலிருந்து 74. ‘ஆபத்து’ விகிதம் தானாகவே பச்சைக்கு வந்துவிட்டது. வைட்டமின் டி மட்டும் 19இலிருந்து 22க்குத்தான் நகர்ந்தது; அது வெயிலில் தலைகாட்டாத என் பழக்கத்தின் அளவு, காய்ச்சலுக்கு அதில் பங்கு சிறிது.

கணவரின் கதையில் தொகுப்புக்கு ஒரு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது. அவருடைய பி12 முதல் முறை மில்லிலிட்டருக்கு 148 பிக்கோகிராம், குறைவு. இரண்டாம் முறை 151. காய்ச்சல் வந்து போனது அந்த எண்ணைத் தொடவே இல்லை. பதினோரு ஆண்டாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், முட்டைகூடத் தொடாதவர். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது தெரிந்த செய்தி. பாதம் மரத்துப்போகிறது என்று அவர் சொல்லி வந்ததைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தோம். மருத்துவர் பி12 ஊசி தொடங்கியிருக்கிறார். 7,400 ரூபாயில் எங்களுக்கு உண்மையாகக் கிடைத்தது இந்த ஒரு வரிதான். அதைத் தனியாகப் பார்த்திருந்தால் அந்தத் தொகையில் சிறு பங்குதான் ஆகியிருக்கும் என்றாலும், பார்த்திருக்க மாட்டோம் என்பதும் உண்மை.

வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு கேள்வி எழுதினேன். ஏன் சி.ஆர்.பி. இல்லை, ஏன் நீல மூடிக் குழாய் இல்லை. முதலாவதற்கு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் மருத்துவக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாவதற்கு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, நுண்தாதுச் சோதனைகள் தங்களிடம் நடப்பதில்லை, வேறு ஊருக்கு அனுப்பப்படுகின்றன என்று பணிவாகச் சொன்னார். அறிக்கையின் தலைப்பில், ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் முத்திரை பளிச்சென்று இருந்தது. அந்த அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, சோதனைவாரியாகக் கிடைக்கிறது. எந்தெந்தச் சோதனைக்கு உண்டு என்ற பட்டியலைக் கேட்டு வாங்கலாம். நான் கேட்டேன். அனுப்பினார்கள். எம்.டி.ஏ.யும் குளுட்டாதயோனும் அதில் இல்லை.

வாங்க நினைப்பவர் யாராவது என்னைக் கேட்டால்: காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். இறங்கி ஆறிலிருந்து எட்டு வாரம் ஆன பிறகு, பி12, வைட்டமின் டி, ஃபெரிட்டின், கூடவே சி.ஆர்.பி., இவை போதும். அதுவும் களைப்போ மரத்தலோ இருந்து மருத்துவர் சொன்னால். ஆக்சிஜனேற்ற அழுத்தப் பக்கங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ரத்தம் எடுக்கும் சேவைக்கு ஐந்துக்கு நாலரை, அறிக்கையின் வேகத்துக்கு ஐந்து, விளக்கக் குறிப்புகளுக்கு ஒன்று, மாத்திரைப் பெட்டிக்கு மதிப்பெண் இல்லை. பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, 4,150 ரூபாயையும் பிடித்தம் இல்லாமல் மகளின் கணக்குக்கு அனுப்பினார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் முறை வந்ததும் அதே பையன்தான். பையைத் திறந்து, ஒரு கருநீல மூடிக் குழாயை எடுத்து என் முன் மேசையில் வைத்தான். “அன்னிக்கு நீங்க கேட்டப்புறம் ஸ்டோர்ல சண்டை போட்டு வாங்கி வெச்சிருக்கேம்மா” என்றான். பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டில் வைட்டமின் சி இருக்கிறதாம். சுற்றுவதற்கு வீட்டில் ஃபாயில் தாள் இருந்தால் ஒரு துண்டு தர முடியுமா என்று கேட்டான். சப்பாத்தி சுற்றும் சுருளிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன்.